உங்கள் ஒரு நிமிடம் எத்தனை விநாடி? எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போம்

"ஒரு நிமிஷம் இருங்க, இதோ வந்துட்டேன்" என்று நாம் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! அந்த ஒரு நிமிடம் சில சமயம் பத்து விநாடியில் முடியும். சில சமயம் கால் மணி நேரம் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காமல் சரியாக 60 விநாடியை நம்மால் உணர முடியுமா? செலவில்லாத, ஆனால் சுவையான ஒரு வகுப்பறைச் சோதனை இது. அதில் கிடைக்கும் எண்களைக் கம்ப்யூட்டரில் போட்டு அலசுவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர் எக்ஸெல்லைத் திறந்து, மளிகைக் கணக்கை ஒரு மாதம் போட்டுவிட்டு மூடிவிடுகிறார்கள். அதைக் கற்றுக்கொள்ள நல்ல வழி, விடை என்னவென்று முன்கூட்டியே தெரியாத ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொள்வதுதான். எக்ஸெல் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமிலும் இங்கே சொல்வது எல்லாவற்றையும் செய்யலாம். மெனுக்கள் இருக்கும் இடம்தான் கொஞ்சம் மாறும்.

சோதனையை எப்படி நடத்துவது?

மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒருவர் கண்களை மூடிக்கொள்ள வேண்டும். இன்னொருவர் ஸ்டாப்வாட்ச்சைப் பார்க்க வேண்டும். ஆசிரியர் "தொடங்கு" என்றதும் ஸ்டாப்வாட்ச் ஓடத் தொடங்கும். ஒரு நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றியதும், கண் மூடியவர் சத்தமில்லாமல் கையைத் தூக்க வேண்டும். அந்த விநாடியைப் பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்வார். பள்ளியில் செல்போன் அனுமதி இல்லை என்றால், கம்ப்யூட்டர் திரையில் ஒரே ஒரு ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு அனைவரும் அதைப் பார்த்துக் குறிக்கலாம்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. எத்தனை விநாடி என்பதைக் கண் மூடியவரிடம் சொல்லவே கூடாது. 42 என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை வேண்டுமென்றே தாமதிப்பார்.

முதல் சோதனையில் மனதுக்குள் எண்ணக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டாவது சோதனையில் ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணலாம். எண்ணுவதால் என்ன மாற்றம் வருகிறது என்பதுதான் கேள்வி.

கட்டங்களை நிரப்புவோம்

எங்கள் பக்கத்து வீட்டில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மாணவி, பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக இந்தச் சோதனையை நடத்திவிட்டு, எண்கள் நிறைந்த ஒரு நோட்டோடு என்னிடம் வந்தாள். கணக்கு எளிதாக இருப்பதற்காக அவற்றை அப்படியே தராமல், அதே போக்கில் பத்துப் பேருக்கான பயிற்சி எண்களை நான் அமைத்துத் தருகிறேன். நீங்களும் இவற்றைத் தட்டிக்கொண்டே படித்தால் உடனே புரியும்.

ஏ பத்தியில் மாணவர் எண் 1 முதல் 10 வரை. பி பத்தியில் எண்ணாமல் சொன்ன விநாடிகள். சி பத்தியில் எண்ணிச் சொன்ன விநாடிகள். டி பத்தி குறிப்புகளுக்கு. முதல் வரிசையில் தலைப்புகள் வரும் என்பதால் எண்கள் இரண்டாவது வரிசையில் தொடங்கிப் பதினொன்றில் முடியும்.

பி பத்தி: 47, 55, 38, 49, 170, 44, 58, 41, 52, 46.

சி பத்தி: 58, 64, 54, 60, 61, 57, 67, 51, 66, 62.

எண்களை உள்ளிடும்போதே புதியவர்கள் சிக்கிக்கொள்ளும் இடங்கள் மூன்று இருக்கின்றன.

ஒன்று: 2 நிமிடம் 50 விநாடி என்பதற்காக 2:50 என்று தட்டாதீர்கள். எக்ஸெல் அதை 2 மணி 50 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். கட்டத்தில் பார்க்க ஒழுங்காகத்தான் தெரியும். சராசரி மட்டும் கோளாறாகும். எல்லாவற்றையும் விநாடியாக்கி 170 என்றே தட்டுங்கள்.

இரண்டு: எண்ணோடு சேர்த்து "47 விநாடி" என்று தட்டக்கூடாது. அப்படித் தட்டினால் அது எண் என்ற கணக்கிலேயே வராது, வெறும் எழுத்தாகிவிடும். சராசரி போடும்போது கம்ப்யூட்டர் எந்த எச்சரிக்கையும் தராமல் அந்தக் கட்டத்தை விட்டுவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, நீங்கள் எதையும் மாற்றாதவரை எண்கள் கட்டத்தின் வலது ஓரத்திலும் எழுத்துகள் இடது ஓரத்திலும் நிற்கும். இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் எண் மீது சந்தேகப்படுங்கள்.

மூன்று: வராத மாணவருக்கு 0 போடாதீர்கள். கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால், அவர் கண் மூடியவுடனே கை தூக்கிவிட்டார் என்று கம்ப்யூட்டர் நினைத்துச் சராசரியைக் கீழே இழுத்துவிடும்.

தட்டி முடித்ததும் அசல் தாளைப் பத்திரப்படுத்துங்கள். கீழே உள்ள ஷீட் பெயர் மீது ரைட் கிளிக் செய்து, "மூவ் ஆர் காப்பி" தேர்ந்தெடுத்து, "கிரியேட் எ காப்பி" என்பதில் டிக் அடித்தால் நகல் வந்துவிடும். இனி எல்லா வேலையும் நகலில்தான்.

சராசரி சொன்ன கதை

பி13 கட்டத்தில் கிளிக் செய்யுங்கள். ஹோம் டேபின் வலது பக்கம் உள்ள ஆட்டோசம் பட்டனுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருக்கும். அதைக் கிளிக் செய்து "ஆவரேஜ்" தேர்ந்தெடுங்கள். மவுஸால் பி2 முதல் பி11 வரை இழுத்துக் காட்டி என்டர் தட்டுங்கள்.

விடை 60. ஆம், மிகச் சரியாக 60!

மாணவி கொண்டுவந்த நோட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடந்திருந்தது. "எங்கள் வகுப்பு மாணவர்களின் காலக் கணிப்பு மிகத் துல்லியமானது" என்று சார்ட் பேப்பரில் பெரிய எழுத்தில் எழுதியும் முடித்துவிட்டாள். கண்காட்சிக்கு இன்னும் இரண்டே நாள்.

"சராசரி சரியா வந்திருக்கே அங்கிள், அப்புறம் என்ன?" என்றாள்.

"சரி, உன் நோட்டில் 60-க்குப் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எண்ணிப் பார்" என்றேன்.

நீங்களும் நம் பயிற்சி எண்களில் அதைச் செய்து பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர்கூட 60 சொல்லவில்லை. ஒன்பது பேர் 60-க்குக் கீழே. ஒரே ஒருவர் 170. அந்த ஒருவர் சொன்ன அதிகப்படி 110 விநாடி, மற்ற ஒன்பது பேரின் குறைகளை அப்படியே ஈடுகட்டிவிட்டது. ஒன்பது பேரும் நிமிடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்ட வகுப்பைப் பற்றி, "மிகத் துல்லியம்" என்று எழுதத் தூண்டியது அந்தச் சராசரிதான். கம்ப்யூட்டர் கணக்கில் தவறே செய்யவில்லை. நாம் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னது.

கூட்டலும் கழித்தலும்

இதைக் கட்டம் கட்டமாகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இ2 கட்டத்தில் சமக்குறி போட்டு, பி2 கழித்தல் 60 என்று பார்முலா கொடுங்கள். விடை கழித்தல் 13 என்று வரும். இப்போது அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் உள்ள சிறிய சதுரத்தைப் பிடித்துக் கீழே இ11 வரை இழுங்கள். பத்து வரிசைகளும் தாமாக நிரம்பிவிடும்.

இந்தப் பத்தியின் சராசரியைப் போட்டால் 0 வரும். யாரும் தவறே செய்யவில்லை என்பது போல! காரணம், கூட்டலும் கழித்தலும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன.

எனவே கழித்தல் குறியை எடுத்துவிட்டுப் பார்ப்போம். எப் பத்தியில் கர்சரை வைத்து, பார்முலா பட்டைக்குப் பக்கத்தில் உள்ள எப்எக்ஸ் பட்டனைக் கிளிக் செய்து, கணிதப் பிரிவில் "ஏபிஎஸ்" என்ற பங்ஷனைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கட்டம் என்று கேட்கும்போது இ2 என்று காட்டுங்கள். கீழே இழுத்து, சராசரி எடுங்கள். இப்போது விடை 22. அதாவது, 60-லிருந்து ஒவ்வொருவரும் சராசரியாக 22 விநாடி விலகியிருக்கிறார்கள். இதே வேலையைச் சி பத்திக்கும் செய்தால் 4 வரும்.

இரண்டு சோதனைகளின் சராசரியும் 60-தான். ஆனால் ஒன்றில் விலகல் 22, இன்னொன்றில் 4. சராசரியை மட்டும் பார்த்தவருக்கு இரண்டும் ஒன்றே. விலகலையும் பார்த்தவருக்கு இரண்டும் வெவ்வேறு.

நடுவில் நிற்பவர் யார்?

எப்எக்ஸ் பட்டனில் புள்ளியியல் பிரிவுக்குப் போனால் "மீடியன்" என்ற பங்ஷன் கிடைக்கும். பள்ளிப் பாடப் புத்தகத்தில் இடைநிலை அளவு என்று படித்தது இதுதான். எல்லோரையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் எண் எது என்று இது சொல்லும். பி பத்திக்கு விடை 48. ஒரு 170 வந்தாலும் ஆயிரம் வந்தாலும் நடுவில் நிற்பவர் நகர மாட்டார். சராசரியும் இடைநிலையும் இவ்வளவு தள்ளி நின்றால், எங்கோ ஒரு எண் தனியாக நிற்கிறது என்று அர்த்தம். உடனே வரிசைகளைப் பாருங்கள்.

அந்த 170-ஐ என்ன செய்வது?

அழித்துவிட்டால் கணக்கு அழகாகிவிடும் என்று கை பரபரக்கும். அழகுக்காக அழிக்க ஆரம்பித்தால், பிறகு நமக்குப் பிடிக்காத எண்களெல்லாம் காணாமல் போகும். முதலில் நோட்டைப் பாருங்கள். பக்கத்தில் இருந்தவர் எண்ணைத் தவறாக எழுதினாரா? ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த மறந்தாரா?

மாணவியின் நோட்டில் அந்தப் பையனின் பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு வரி இருந்தது: "கூப்பிட்ட பிறகுதான் கண் திறந்தான்." அவன் தூங்கிவிட்டான். வகுப்பில் எல்லோரும் அவனைத் தூங்குமூஞ்சி என்று கேலி செய்தார்களாம். எண் என்ற அளவில் பார்த்தால் அந்த 170 காலக் கணிப்பே இல்லை. தூக்கத்தின் அளவு. அதைத் தள்ளி வைக்க இப்போது ஒரு காரணம் கிடைத்துவிட்டது. டி பத்தியில் அந்தக் காரணத்தை எழுதுங்கள். எண்ணை அழிக்காமல் அசல் தாளில் அப்படியே விடுங்கள். நகலில் மட்டும் அந்த மாணவரின் வரிசையை முழுவதுமாக நீக்குங்கள். முதல் சோதனையில் நீக்கிவிட்டு இரண்டாவதில் அவரை வைத்துக்கொண்டால், பத்துப் பேரையும் ஒன்பது பேரையும் ஒப்பிடுவதாகிவிடும். அது நியாயமில்லை.

இப்போது முதல் சோதனையின் சராசரி 47.78. இரண்டாவது 59.89. புள்ளியியல் பிரிவில் "எஸ்டிடெவ்.எஸ்" என்ற பங்ஷனையும் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்புக் கணக்கில் வரும் திட்ட விலக்கத்தோடு சேர்ந்தது இது. எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும். (பாடப் புத்தகத்தில் மொத்த எண்ணிக்கையால் வகுப்பார்கள். இந்தப் பங்ஷன் அதில் ஒன்றைக் குறைத்து வகுக்கும். அதனால் விடை கொஞ்சம் மாறும்.) முதல் சோதனைக்கு 6.48, இரண்டாவதற்கு 5.42. தூங்கிய பையனோடு சேர்த்து முதல் சோதனைக்குப் போட்டால் 39.13 வரும். ஒரே ஒருவர், ஆறு மடங்கு மாற்றம்!

திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் மாறுபாட்டுக் கெழு. முதல் சோதனைக்கு 13.6, இரண்டாவதற்கு 9.0. காலக் கணிப்பு ஆராய்ச்சியில் இது முக்கியமான அளவு. நேரம் நீள நீளத் தவறும் அதே விகிதத்தில் பெரிதாகும் போக்கு பல சோதனைகளில் தெரிகிறது. 10 விநாடியில் ஒரு விநாடி தவறுபவர் 60 விநாடியில் ஆறு விநாடி தவறலாம். விகிதத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். அதனால் 10, 30, 60 விநாடி என்று மூன்று விதமாகச் சோதனை செய்பவர்கள் கெழுவை ஒப்பிடுவதே முறை.

ஜெர்மன் உடலியல் அறிஞர் கார்ல் வான் பியரார்ட் 1868-ல் வெளியிட்ட நூலில் இன்னொன்றைக் கவனித்துச் சொன்னார். குறுகிய நேரத்தைக் கூட்டியும் நீண்ட நேரத்தைக் குறைத்தும் கணிக்கும் போக்கு மனிதர்களிடம் இருக்கிறது. மூன்று விதமான நேரங்களையும் வைத்துச் சோதித்தால் உங்கள் வகுப்பிலும் இது தெரிகிறதா என்று பார்க்கலாம்.

படமாகப் பார்த்தால்

பி, சி பத்திகளின் எண்களை மவுஸால் தேர்ந்தெடுத்து, இன்சர்ட் டேபில் "ஸ்கேட்டர்" சார்ட்டைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு புள்ளியாகத் தெரிவார். தூங்கிய பையனின் வரிசை இருக்கும் தாளில் இதைச் செய்தால், ஒரு புள்ளி மட்டும் வலது ஓரத்தில் தனியாக நிற்பது பளிச்சென்று தெரியும்.

அவரை நீக்கிய தாளில் வேறொன்று தெரிகிறது. புள்ளிகள் இடது கீழிலிருந்து வலது மேல் நோக்கி ஏறுகின்றன. எண்ணாமல் 38 சொன்னவர், எண்ணியபோது 54. எண்ணாமல் 58 சொன்னவர், எண்ணியபோது 67. முன்பு அவசரப்பட்டவர், எண்ணும்போதும் மற்றவர்களைவிட அவசரமாகவே எண்ணுகிறார். முன்பு 60-ஐ நெருங்கி இருந்த ஏழாவது மாணவர், எண்ணியதால் 60-ஐத் தாண்டி இன்னும் விலகிவிட்டார். ஆக, எண்ணுவது எல்லோருக்கும் நன்மை செய்யவில்லை. இவையெல்லாம் நான் அமைத்த எண்களில் இருக்கும் கதை. உங்கள் வகுப்பில் என்ன வருகிறது என்பதை உங்கள் எண்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பி பத்தியை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தாதீர்கள். பி பத்தி மாறும், பக்கத்துப் பத்திகள் மாறாது. ஒருவரின் முதல் எண்ணுக்கு எதிரே இன்னொருவரின் இரண்டாவது எண் வந்துவிடும். எக்ஸெல் ஒரு பெட்டியைக் காட்டிக் கேட்கும்போது "எக்ஸ்பாண்ட் த செலக்ஷன்" என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

குறிப்புப் பத்தியின் மதிப்பு

டி பத்தியை வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்க விஞ்ஞானி ஹட்சன் ஹோக்லண்ட், தன் மனைவிக்குக் கடும் காய்ச்சல் வந்திருந்தபோது, விநாடிக்கு ஒன்றாக 60 வரை எண்ணச் சொல்லி ஸ்டாப்வாட்ச்சில் பார்த்தார். உடல் சூடு கூடக் கூட அவர் வேகமாக எண்ணினார். 1933-ல் ஹோக்லண்ட் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். விநாடிகளோடு உடல் சூட்டையும் பக்கத்தில் எழுதியதால்தான் இது தெரிய வந்தது.

இதற்கு நேர் எதிரான கதை, பிரான்ஸ் நாட்டு மிஷல் சிஃப்ருடையது. 1962-ல், தன் 23-வது வயதில், கடிகாரம் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் இரண்டு மாதம் தனியாக இருந்தார். விநாடிக்கு ஒன்றாக 120 வரை எண்ண முயன்றபோது அவருக்கு ஐந்து நிமிடம் ஆனது. செப்டம்பர் 14-ம் தேதி வெளியே வரும்போது, அன்று ஆகஸ்ட் 20 என்று நினைத்துக்கொண்டிருந்தார். 25 நாட்கள் கணக்கில் இருந்து காணாமல் போயிருந்தன.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

நம் எண்களை வைத்து, "கண் மூடிச் சும்மா இருந்த ஒன்பது பேரும் நிமிடத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள்" என்று தைரியமாகச் சொல்லலாம். "எண்ணியதால்தான் முன்னேறினார்கள்" என்று சொல்ல இன்னும் ஒரு படி வேண்டும். இரண்டாவது முறை செய்ததாலேயே பழகியிருக்கலாம். அதனால் பாதிப் பேரை முதலில் எண்ணச் சொல்லியும், பாதிப் பேரை இரண்டாவதாக எண்ணச் சொல்லியும் சோதனையை நடத்த வேண்டும்.

"தேர்வு அறையிலும் இப்படித்தான்" என்று எழுதுவது இன்னும் தவறு. மனம் வேலையில் மூழ்கியிருக்கும்போது நேரம் குறைவாக ஆனது போலத் தோன்றுவதுதான் பொதுவாகச் சோதனைகளில் காணப்படுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தவருக்கு 48 விநாடியே ஒரு நிமிடமாகத் தோன்றலாம். பெரிய கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு இரண்டு நிமிடம் ஒன்றாகத் தோன்றலாம். கடைசிக் கேள்விக்கு நேரம் இல்லாமல் போகும் மாணவருக்கு இது விளையாட்டு இல்லை. வாய்ப்பாட்டுக் கணக்குகளைப் போட்டுக்கொண்டே நிமிடத்தைக் கணிக்கச் சொல்லி மூன்றாவதாக ஒரு சோதனை நடத்துங்கள். அந்த எண்கள் தேர்வு அறைக்கு ஓரளவு பக்கத்தில் வரும்.

பக்கத்து வீட்டு மாணவி சார்ட் பேப்பரைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் புதிதாக எழுதினாள். சராசரி, இடைநிலை, விலகல், ஒருவரை நீக்கியதற்கான காரணம் எல்லாம் அதில் இருந்தன. பையன் பெயரை மட்டும் எழுதவில்லை.

வகுப்பறைதான் வேண்டும் என்பதில்லை. வீட்டில் நான்கு பேர் இருந்தாலும் ஆளுக்கு ஐந்து முறை செய்தால் இருபது எண்கள் கிடைத்துவிடும். தட்டி முடித்ததும் சராசரிப் பட்டனுக்குப் போகும் முன், மேலிருந்து கீழ் வரை ஒவ்வொரு வரிசையையும் ஒரு முறை கண்ணால் பாருங்கள். அதற்கு எக்ஸெல்லில் பட்டன் கிடையாது. அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.